ஒரே ஒரு டிங்

இன்று சைக்கிள்களுக்குத் தடை.
பெல் அடித்தால்
அதுவும் ஓட்டாகக் கேட்கும்.

காம்பியா ஆற்றங்கரை, பான்சாங் பள்ளிக்கூடம்.
திரைக்குப் பின்னால் மூன்று தகர டிரம்கள்.
கோலிக்குண்டு விழுந்தால் உள்ளே
ஒரே ஒரு டிங்.
இரண்டாவது கேட்டால் எழுந்து நிற்பது என் வேலை.

ஒருவர் உள்ளே போய்
வெகுநேரம் சத்தமே இல்லை.
காவலரும் நானும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு...
பிறகு, டிங்.

இருட்டியதும் டிரம்களைக் கவிழ்த்தோம்.
பலகைக்கு இருநூறு குழி,
குழிக்கு ஒரு குண்டு.
பதிவேட்டில் நானூற்றுப் பதினேழு பேர்.
"சிரே போஜாங், ஒன்று குறைகிறது"
என்றார் முகவர்,
நான்தான் விழுங்கிவிட்டது போல.

லாந்தரைக் கீழே வைத்து
அடியில் பரப்பியிருந்த மணலை அளைந்தேன்.
நடுக் குவியலில் தட்டுப்பட்டது,
குளிர்ந்து, உருண்டையாக.

நடு டிரம்
என் தம்பியின் மீன்கடையை
இடிக்கச் சொன்னவருடையது.
வெளிச்சம் என் முழங்கை வரைதான்.

எவ்வளவு நேரம் அப்படியே குனிந்திருந்தேன்
தெரியவில்லை.
முகவர் இருமினார்.

குழியில் வைத்தேன்.
பலகைக்கு மணி கிடையாது.
டொக் என்றது மரம், அவ்வளவுதான்.

வீடு திரும்பும் வழியில்
எவனோ ஒருவன்
பெல்லை விடாமல் அடித்துக்கொண்டே
சைக்கிளில் போனான்.
எண்ணத் தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.