பதினெட்டுப் படங்கள்

சோளகம் தொடங்கி ஒன்பதாம் நாள்.
பண்ணைத் தாம்போதியில், மண்டைதீவுச் சந்திக்குக் கொஞ்சம் இங்காலை,
யன்னல் சீலை கொளுவ வாங்கிய அலுமினியத் தண்டவாளத்தை
இரண்டு சீமெந்துக் கல்லின்மேல் கிடத்தினேன்.
தொண்ணூறு சென்ரிமீற்றர்.
அதன்மேல் ஒரு குட்டி வண்டி.
சில்லு நாலும் ஸ்ரான்லி வீதியில்
செத்த போட்டோக்கொப்பி மெசினில் கழற்றியவை.
வண்டியில் கமரா. கமராவுக்கு முன்னால்
களங்கண்டித் தடிகள், தண்ணீர், மேற்கு.

விடுதிக்காரர் கேட்டது முப்பத்தாறு செக்கன்.
"மேகம் ஓடட்டும், ஆனால் கமரா கட்டை மாதிரி நிக்கக்கூடாது.
பார்க்கிறவன் நடந்து போற மாதிரி வேணும்."

நடப்பதென்றால்
பத்துச் செக்கனுக்கு ஒரு படம்,
ஒரு படத்துக்கு ஒரு மில்லிமீற்றர்.
நத்தை கண்டால் சிரிக்கும்.
இரண்டரை மணித்தியாலம் இப்படி நடந்தால்
ஒரு முழுத் தண்டவாளம், ஒரு முழுப் பின்னேரம்.

நாலேகாலுக்கு மோட்டர் இருமியது.
பிறகு றப்பர் எரிந்த மணம்.
உப்புக்காற்றுக்கு நிற்காது என்று சொன்னவர் அல்போன்ஸ்.
மலிவாய்த் தந்தவரும் அவர்தான்.

திருகுதண்டைக் கையால் பிடித்தேன்.
அரைச் சுற்று. பத்துவரை எண்ணு.
அரைச் சுற்று.
கமரா தன்பாட்டில் கண்ணைச் சிமிட்டியது,
நான் அதற்குக் கூலியாள்.
குறிகாட்டுவான் பஸ் போகும்போது மட்டும்
முழங்காலால் கல்லை அமத்திக்கொண்டேன்.

இடுப்பளவு தண்ணீரில் நண்டுவலை இழுத்தவர்
கனநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"என்ன தங்கச்சி, அது மா அரைக்கிற சாமானோ?"
"கமரா ஓடுது அண்ணை."
"எங்க ஓடுது?"
காட்ட ஒன்றுமில்லை.
"பத்து நிமிசம் கழிச்சுப் பாருங்கோ" என்றேன்.
அவருக்கு வேறு வேலை இருந்தது.

நானூற்றுப் பன்னிரண்டாம் படத்தில் போன் அடித்தது.
மந்திகையிலிருந்து றெஜீனாக்கா.
இரண்டு கிழமையாய் அந்த முடிவுக்காக
வீட்டில் ஒருவரும் முழுவசனம் பேசவில்லை.
"வெறும் கட்டிதானாம்" என்றாள்.
"வெறும் கட்டியோ?"
"வெறும் கட்டி."
அதற்குப் பிறகு இரண்டுபேரும் கதைக்கவில்லை.
அவளுடைய பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளை இருமியது,
பெயர் கூப்பிட்டார்கள், கதவு சாத்தியது.
என்னுடைய பக்கத்தில் காற்று.
மூன்று நிமிசம். போன் கணக்கு வைத்திருந்தது.

என் கை எங்கே இருந்ததென்று எனக்குத் தெரியாது.
தண்டில் இல்லை.

இரவு, கொக்குவில் அறையில், கணினியில் ஓடவிட்டேன்.
கிட்ட நின்ற தடிகள் ஒவ்வொன்றாய் இடப்பக்கம் வழுக்குகின்றன,
தூரத்துத் தடிகள் யோசித்து யோசித்து நகர்கின்றன.
கடலுக்கு ஆழம் வந்துவிட்டது; அதற்குத்தானே இவ்வளவு பாடும்.
பதினாறாம் செக்கன் பாதி கழிய
ஒரு தடி சட்டத்தின் ஓரத்தில், அரைவாசி வெளியே போனபடி,
நிற்கிறது.
மேகம் நிற்கவில்லை. தண்ணீர் நிற்கவில்லை.
முக்கால் செக்கனுக்கும் குறைவு.
பிறகு ஒன்றும் நடவாததுபோல் தடி வெளியே போகிறது.

"அதில ஒரு இடறல் இருக்கு" என்றார் விடுதிக்காரர்.
கண் கெட்டிக்காரக் கண்.
"காத்து" என்றேன்.
பதினெட்டுப் படத்தையும் வெட்டினேன்.
இப்போது தடி இடறாமல் போனது,
மேகம் துள்ளியது.
ஒட்டினால் தடி நிற்கும், வெட்டினால் மேகம் குதிக்கும்.
மூன்று நிமிசத்தை ஒளித்துவைக்க
முப்பத்தாறு செக்கனில் இடமில்லை.
"மேகம்தானே, ஆர் பாக்கப்போயினம்" என்று
குதித்ததை எடுத்துக்கொண்டார்.
காசு பாதி தந்தார், மிச்சம் மாதக் கடைசியில்.

வெட்டாததை அக்காவுக்குக் காட்டினேன்.
கட்டுப்போட்ட தோளோடு சாய்ந்திருந்து பார்த்தாள்.
"இதில ஏன் நிக்குது?"
"நீ கதைச்சனி."
"நான் ஒண்டும் கதைக்கேல்லையே."
"ஓம்."
திருப்பிப் போடச் சொன்னாள். இன்னொருக்கா.
பிறகு ஒவ்வொரு படமாய்த் தட்டச் சொன்னாள்,
மூக்கைத் திரையில் வைக்காத குறை.

"எடியே, தடியில ஒரு கொக்கு வந்து இருந்திட்டுப் போயிருக்கு,
மூண்டு படத்துக்கு.
பக்கத்தில நிண்டனி, நீ காணேல்லையோ?"