போன தண்ணீருக்குக் கணக்கு

சேப்பாக்கம் ஆபீஸ், இரண்டாம் மாடி.
ஃபேன் காற்றுக்குப் புரளாத பதிவேடுகள்
முப்பத்தெட்டு.
எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும்,
பக்கத்துக்கு நாலு ரூபாய்.

ஏரிக்கரையில் ஒரு தகரத் தட்டு,
நாலடி அகலம், ஒரு சாண் ஆழம்,
காகம் குடிக்காமலிருக்க மேலே கம்பிவலை.
தினமும் காலை எட்டரைக்கு ஒருவர் குனிந்து
நேற்று இருந்ததில் இன்று எவ்வளவு இல்லை
என்று அளந்து எழுதினார்.
குறைந்ததை ஊற்றி நிரப்பினார்.
அவ்வளவுதான் வேலை.

1981 மே: 9.1, 8.8, 9.4.
எழுதியவர் தணிகாசலம்.
அவருடைய ஒன்பதுகள்
கொக்குபோல ஒற்றைக்காலில் நிற்கும்.
குறிப்பு என்ற பத்தியில்
'வலை ஓட்டை. குருவி உள்ளே. விட்டேன்.'
'காற்று பலம்.'
'காற்று பலம்.'
'கண்ணில் மண்.'

எபிநேசர் காலத்தில் காற்று 'சுமார்' ஆனது.
ஹயாத் பாஷா காலத்தில் ஒரே ஒரு வரி:
'கிழக்கே கட்டடம் எழும்புகிறது.'
பிறகு குறிப்புப் பத்தி வருஷக்கணக்கில் வெறுமை.
2014 மே: 6.9, 6.5, 6.7.

தப்பாக ஏற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.
வெயில் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது,
பக்கத்துப் பத்தியிலேயே இருக்கிறது.
தட்டு மட்டும் எப்படிக் குறைவாக இழக்கும்?

உதவிப் பொறியாளர் திலகவதி
டிபன்பாக்ஸைத் திறந்தபடி சொன்னார்:
"வெயில் மட்டும் போதாதும்மா.
எடுத்துட்டுப் போகக் காத்து வரணும்.
நாலு பக்கமும் அடைச்சா எது எங்க போகும்?"
தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, கொஞ்சம் கழித்து:
"அதுவும் தட்டோட கதைதான்.
அந்தக் கரையில நின்ன புங்கமரம்
ஒரு நாளைக்கு எத்தனை குடம் மேலே அனுப்பிச்சுன்னு
யாரு குனிஞ்சு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை.
பதிவேட்டில் மரம் ஒருமுறைதான் வருகிறது,
புயலுக்கு மறுநாள்:
'தட்டின்மேல் கிளை. அளவு இல்லை.'
இலை தன்பாட்டுக்கு வாய் திறந்து வாய் மூடி
விட்ட நீருக்குப் பத்தி போடவில்லை.
கோரைக்கும் இல்லை, ஈரக் களிமண்ணுக்கும் இல்லை.
இப்போது அங்கே சிமெண்ட் தளம்.
மழை பெய்தால் ஓடிவிடுகிறது,
மேலே போகிற அளவுக்குத் தங்குவதில்லை.

எனக்கும் ஒரு தட்டு உண்டு:
ஆதம்பாக்கம், மூன்றாம் மாடி, நைலான் கொடி.
குடிவந்த வருஷம்
ஒன்பது மணிக்குப் போட்ட சேலை
பதினொன்றுக்கு மொறமொற.
எதிரே அபார்ட்மெண்ட் வந்தபின்
சாயங்காலம்வரை ஈரவாடை.
முதுகில் ஊறும் வேர்வையும் அப்படித்தான்,
கடைசி பஸ்ஸை விட்டுவிட்ட விருந்தாளி.

ஆவி என்பதை இட்லிக்கும் வைத்திருக்கிறோம்,
உயிருக்கும்.
பிரியும் என்கிறோம். அடங்கும் என்கிறோம்.
ஆபீஸ் தாளில் அதன் பெயர்
இழப்பு.

நேற்று வந்த பக்கம்:
1993 ஜூன், பதினொன்று முதல் இருபத்தொன்றுவரை
எபிநேசர் ஒரே எண் போட்டிருக்கிறார்.
7.2. 7.2. 7.2.
மையும் ஒன்று, சாய்வும் ஒன்று,
ஒரே இருப்பில் எழுதியது.
பதினொரு நாள் அவர் ஏரிக்கு வரவில்லை.
எந்தக் கட்டிலருகே குனிந்திருந்தாரோ,
யார் வாயில் என்ன ஊற்றினாரோ.
குறிப்பில் ஒன்றுமில்லை.

விதிப்படி நீக்கவேண்டும்.
திலகவதி மேடம் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.
கேட்கவில்லை.
பதினொரு கட்டத்துக்கும் மஞ்சள் அடித்து
எண்களை அப்படியே விட்டேன்.
குறிப்புப் பத்தியில் கர்சர்
ரொம்ப நேரம் துடித்துக்கொண்டிருந்தது.
பிறகு எழுதினேன்:
'தண்ணீர் போயிருக்கும். பார்க்க ஆளில்லை.'