அறிமுக விலை

பஹாவில் சம்பள நாள் ஏழாம் தேதி.
அதனால்தான் ஏழைக் கேட்டேன்.
பதினைந்து என்றார்கள் தலைமையகத்தில்.
பதினைந்துக்குள் பாதிச் சம்பளம்
மளிகைக்கடைக் கணக்கில் கரைந்துவிடும் என்பது
பதினெட்டாவது மாடியில் யாருக்கும் தெரியவில்லை.

பத்து அங்குலத் திரை.
அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது வெள்ளி.
எழுநூறு என்றால் யோசிப்பார்களாம்,
ஒரு வெள்ளி குறைந்தால் யோசனை நின்றுவிடுமாம்.
அந்த ஒரு வெள்ளிக்கு மூன்று கூட்டம் போட்டோம்.

மோகனதாஸ் கைப்பேசிக் கடை வாசலில்
காற்றடைத்த வளைவு, இரண்டு உறுமி,
'கற்கும் பிள்ளைக்கு' என்றொரு பதாகை.
பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள்,
விரலால் கார் ஓட்டினார்கள்,
பலூனோடு போய்விட்டார்கள்.
நான்கு மணிக்கு மழை.
செம்பனை லாரி ஒன்று முச்சந்தியில் திரும்புகையில்
நாலைந்து பழத்தை உதிர்த்துவிட்டுப் போனது.
உறுமிக்காரர் தோலுக்கு நெகிழிப்பை மாட்டினார்.
விற்றது மூன்று.

ஐந்தரைக்கு மேல் வந்தார்கள்
வங்காளதேசத்துக் குலைவெட்டிகள்,
பூட்ஸை வெளியே கழற்றிவிட்டு, வரிசையாய்.
என் திட்டத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லாதவர்கள்.
நினைவகம் எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை.
"இதுல மொகம் எவ்ளோ பெருசா தெரியும்?"
தோட்டத்துத் தமிழில் கேட்டார் ரஃபிக்குல்,
உள்ளங்கையைத் திரைமேல் விரித்து அளந்தபடி.

எனக்குப் பதினான்காம் பக்கம் தெரியும்:
மூன்றாம் மாதம் ஐந்நூற்று நாற்பத்தொன்பது.
முந்தி வருகிறவன் கூடக் கொடுக்கட்டும்.
அந்தக் கோட்டை வரைந்தவளே நான்தான்.
மோகனதாஸ் சில்லறைக்குத் திரும்பிய நேரம்
சொல்லிவிட்டேன்,
"அண்ணே, அக்டோபர்ல வாங்க. நூத்தம்பது குறையும்."

அவர் விரல் மடக்கினார்.
வெள்ளியை எண்ணுகிறார் என்று நினைத்தேன்.
"ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்...
அதுக்குள்ள பாப்பா ஒக்காந்துரும்.
பல்லு வந்துரும்."

இரண்டு வேண்டும் என்றார்.
ஒன்று இங்கே. இன்னொன்று
செவ்வாய்க்கிழமை ஊர் போகும் கூட்டாளியின் பையில்.
ஈரமான ஐம்பது வெள்ளித் தாள், இருபத்தெட்டு.
மீதி இரண்டு வெள்ளியை
நின்று வாங்கிக்கொண்டுதான் போனார்.

இரவு அறிக்கை அனுப்பினேன். மொத்தம் நாற்பத்தொன்று.
'விலையைச் சந்தை தாங்குகிறது' என்று பதில் வந்தது,
கூடவே கைதட்டும் பொம்மை.
வாங்கியவர் யார் என்ற கட்டத்தில்
மாணவர், பெற்றோர், அலுவலகம்.
கீழே, சின்ன எழுத்தில், மற்றவை.
முப்பத்தெட்டு முறை
அதையே அமுக்கினேன்.