கொள்ளளவு

ஜெயநகர் ஷோரூமில் சிவானந்த்
மூன்று வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி
துணியால் துடைத்தபடியே சொன்னான்:
நூற்றுப்பத்து ஆபீசுக்கு மேடம்,
நூற்றிருபத்தைந்து ஆபீசும் ஊரும்,
நூற்றறுபது, அதுக்கு ஊரே பத்தாது.
சொல்லும்போது அவன் வலது கை
வெறும் காற்றை முறுக்கியது.

என் ஆபீஸ் எது என்று நான் சொல்லவில்லை.
விடியலில் வீடு வீடாய்ப் போய்
வெறும் வயிற்று ரத்தம் எடுப்பவள்.
ஆஸ்டின் டவுன், விவேக் நகர், ஈஜிபுரா,
லிஃப்ட் உள்ள வீடு என்றால் கோரமங்களா.
இருக்கைக்கு அடியில் ஐஸ் பெட்டி நுழைந்தால்
மழைக்கோட்டு நுழையாது.
என் வண்டிக்கு வயது ஏழு,
ஓட்டம் ஐம்பத்தெட்டாயிரம்,
இடது கண்ணாடி மட்டும் புதுசு.

சில்க் போர்டில் காலை ஒன்பதுக்கு
சி.சி. என்று ஒன்று கிடையாது.
தண்ணீர் லாரியின் பின்னால்
எல்லா எஞ்சினுக்கும் ஒரே புகை.
அங்கே வேண்டியது குறுகிய ஹேண்டில்பார்,
தரைக்கு எட்டுகிற கால்,
ஆட்டோவுக்கும் டிவைடருக்கும் நடுவில்
ஒரு சாண் இருப்பதாக நம்புகிற மனசு.

ரோஸ்லின் நூற்றறுபது வாங்கிவிட்டாள்.
கோலார் தங்கவயல்காரி, ஐ.சி.யூ.வில் நைட் டூட்டி.
குட்டை.
சிக்னலில் ஒற்றைப் பெருவிரலால்
பெங்களூரைத் தொட்டுக்கொண்டு நிற்பாள்.

ஒரு ஞாயிறு ஏலகிரிக்குக் கிளம்பினோம்.
அத்திப்பள்ளி தாண்டியதும் தெரிந்துபோனது.
எண்பதில் அவள் முதுகு அசையவில்லை.
எழுபதிலேயே என் வண்டி
பல் டாக்டர் வாசலில் உட்கார்ந்தவன் மாதிரி நடுங்கியது.
கன்டெய்னர் லாரி கடக்கும்போதெல்லாம்
என் சின்னச் சக்கரம் அரை அடி நகர்ந்து
திரும்பி வந்தது.
"சுருக்குன்னு ஒரு செகண்ட்தான்" என்று
தினமும் பிறருக்குச் சொல்கிறவள்,
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மலையில் பதினான்கு வளைவுகள்.
முறுக்கினேன். முழுசாய் முறுக்கினேன்.
வண்டி சத்தத்தை மட்டும் கூட்டிக் கொடுத்தது.
ஒவ்வொரு வளைவிலும் இண்டிகேட்டர் மினுங்க
அவள் நின்றிருந்தாள்,
இப்போதுதான் நின்றவள் போல
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்.
ஒன்பதாவது வளைவில் மட்டும் மாட்டிக்கொண்டாள்:
காலடியில் கடலைத் தொலி.
பெரிய எஞ்சினுக்கு வேகம்தான் வேலை
என்றிருந்தேன்.

இறங்கும்போது ஒரு முழுப் பலாப்பழம் வாங்கினோம்.
அவள் வண்டியில் கால் வைக்கும் இடத்தின் குறுக்கே
முதுகெலும்பு மாதிரி ஒரு மேடு,
மல்லிப் பை கூட நிற்காது.
பழம் என் முழங்கால்களுக்கு நடுவே ஏறியது.
கிருஷ்ணகிரி வரை முள் குத்திக்கொண்டே வந்தது,
பிறகு பழகிவிட்டது.

இருட்டியபின், சந்தாபுரத்துக்கும் பொம்மசந்திராவுக்கும் இடையில்
அவள் வண்டி இருமிற்று. இன்னொரு முறை இருமிற்று.
ஏழு லிட்டர் டாங்க், லிட்டருக்கு முப்பத்தெட்டு,
மீட்டரில் ஒரு கோடு இருக்கிறதே என்ற நம்பிக்கை.
எனக்கு அப்போதும் இரண்டு லிட்டர் மிச்சம்.

நான் ஒன்றும் பேசவில்லை.
வலது காலை நீட்டி
அவள் வண்டியின் பின் ஃபுட்ரெஸ்டில் ஊன்றி
மெதுவாக முறுக்கினேன்.
இரண்டு வண்டி, இரண்டு பெண்கள், ஒரு பலா,
எல்லாம் நூற்றுப்பத்து சி.சி.யில்,
மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர்.
ஸ்விக்கிக்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.
"ஆஸ்பத்திரில சொல்லிடாதடி,
வாங்கி மூணு மாசம்தான் ஆவுது"
என்று முன்னாலிருந்து கத்தினாள்.
பெட்ரோல் பங்க் வெளிச்சம் தெரிந்ததும்
காலை எடுக்க மறந்துவிட்டேன்.
கொஞ்ச தூரம் அப்படியே போனோம்.

திங்கட்கிழமை பத்தரைக்கு,
லேபில் குழாய்களைக் கொடுத்துவிட்டு
பார்க்கிங்கில் நிற்கையில் சிவானந்த் அழைத்தான்.
முடிவு பண்ணீங்களா மேடம்?
டிஸ்க் பிரேக், சக்கர அளவு, மைலேஜ்
எல்லாம் மறுபடியும் ஒப்பித்தான்.

நூற்றிருபத்தைந்தில், என்றேன்,
காலுக்கு நடுவில்
பன்னிரண்டு கிலோ பலாப்பழம் நிற்குமா?

அவன் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.