பதினான்காம் வரி

தணிக்கையாளர் அவர்களுக்கு,
மாயேபூர் கணக்குப் பிரிவிலிருந்து
லோசனி விராசாமி எழுதுவது.

நீங்கள் சிவப்பில் வட்டமிட்ட பதினான்காம் வரி,
இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய்.
ரசீது எங்கே என்கிறீர்கள்.
நானும் அதைத்தான் கேட்டேன்
மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவளிடம்.
அவள் பாவாடை சொட்டச் சொட்ட
போன காலாண்டுக் கோப்பு நனைந்துகொண்டிருந்தது.

பெயர் சோலான்ஜ்.
குடும்பப் பெயர் கேட்டதற்கு, எதற்கு, போலீஸா என்றாள்.
தொழில்: கடல் வற்றும் நேரம் நடந்து போய்
ஈட்டியால் பேய்க்கணவாய் குத்துவது.
உங்கள் படிவத்தில் அவளுக்கொரு கட்டம் தேடினேன்.
'முதன்மை ஆய்வாளர்' இல்லை.
'பயனாளி' என்று ஒன்று காலியாக இருந்தது.
அதில் அவளை உட்கார வைக்க
எனக்கு வெட்கமாக இருந்தது.

பவளத்திட்டில் கட்டிய வெப்பமானி
தீப்பெட்டி அளவுதான்.
பத்து நிமிடத்துக்கு ஓர் எண் எழுதிக்கொள்ளும்.
அதன் இரட்டை ரீயூனியனில்,
இன்னொன்று மடகாஸ்கரின் தூலியாரில்.
மூன்றும் சேர்ந்தால்தான் கட்டுரை,
மூன்று நாடும் கையெழுத்திட்டால்தான் உங்கள் பணம்.
தூலியார்க்காரர்களுக்கு நான்கு மாதமாகச் சம்பளம் இல்லை.
உங்கள் வங்கி ஓர் எழுத்துப்பிழையைத் தேடிக்கொண்டிருந்தது.
ஆனாலும் ஞாயிறுதோறும் இரவு பதினொன்றுக்கு,
மின்சாரம் வந்த கையோடு,
எண்கள் வந்து சேர்ந்தன.
அதற்கும் ரசீது இல்லை.

புயலுக்கு இரண்டாம் எச்சரிக்கை ஏறிய காலை
தைப்பூசம்.
அலுவலகம் பூட்டு, முனைவர் பெல்லாரம் மாநாட்டில்.
பெட்ரோல் கடை முதலாளி
ரசீதுப் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டுக்
காவடி எடுக்கப் போயிருந்தார்.
பம்பில் நின்ற பையன் பெட்ரோல் தந்தான், தாள் தரவில்லை.
நான் வரிசையில் இருந்தேன்,
தலையில் பால் தளும்ப, இடுப்பில் தொலைபேசி நடுங்க.
ஒப்புக்கொள்கிறேன்: எடுக்கவில்லை.

படகு பாதி வழி போனது. மீதியை அலை விடவில்லை.
மீதியை அவள் நடந்தாள்.
இடம் எப்படித் தெரியும் என்றேன்.
"நீங்கள் கட்டிய கல்லில்தான் என் கணவாய் குடியிருந்தது.
பெட்டி வந்ததும் அது வீடு மாறிவிட்டது.
ஏழு மாதமாக உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்."

ஈட்டி முனையால் பட்டையை அறுத்தாள்.
திரும்பும்போது இடது செருப்பைக் கடல் எடுத்துக்கொண்டது.
வலதை அவளே எறிந்தாள்,
ஒற்றையை வைத்து என்ன செய்வது?

ஆக, பெட்ரோல் ஆயிரத்து நூறு.
பவளத்தில் நடக்க ரப்பர் காலணி ஒரு ஜோடி, ஆயிரத்து இருநூறு.
கூட்டிப் பாருங்கள்.

வரவு: இருநூற்றுப் பன்னிரண்டு நாள்,
முப்பதாயிரத்து ஐந்நூற்று இருபத்தெட்டு எண்கள்.
நான் கணக்குக்காரி, முழங்காலுக்கு மேல் கடல் தெரியாது.
ஆனால் ஒரு பத்தி ஏறிக்கொண்டே போனால்
எதிர்ப் பத்தியில் எதுவோ
தீர்ந்துகொண்டிருக்கிறது என்பது தெரியும்.

உங்கள் விதிப்புத்தகத்தில்
கடல் சூடேறுவது
'எதிர்பார்க்கும் விளைவுகள்' என்ற தலைப்பில் இருக்கிறது.
சோலான்ஜின் செருப்பு
'எதிர்பாராத செலவு'. முன் அனுமதி தேவை.
கேட்டிருந்தால்
இருபத்தொரு வேலை நாளில் பதில் எழுதியிருப்பீர்கள்.
புயல் அன்றிரவு ஒன்பதுக்கு வந்துவிட்டது.

ஏற்க முடியாதென்றால்
என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.
அப்போது அந்த எண்கள் யாருடையவை?
சும்மா கேட்கிறேன்.

அவள் எழுதித் தந்த தாளை இணைத்திருக்கிறேன்.
கிரியோலில் இருக்கிறது, தொகை மட்டும் உங்களுக்குப் புரியும்.
நகலில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள்
அழித்துத் திருத்தியவை அல்ல.
உப்பு.