மண் கழிவு

செப்டம்பர் கடைசியில் தொடங்கும்,
ஜனவரி வரை ஓயாது.
வெள்ளை பீட்ரூட் ஏற்றிய லாரிகள்
குயாவிச் சமவெளியின் சேற்றைச் சக்கரத்தில் அப்பிக்கொண்டு
என் ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்கும்.
பொத்தானை அழுத்துவேன், சீட்டு வரும்:
நாற்பது டன். முப்பத்தெட்டரை.
திரும்பிப் போகையில் வெறும் பதினைந்து.
கால் மணி நேரத்தில் இப்படி இளைக்க
லாரிகளால் மட்டும்தான் முடிகிறது.

பத்தொன்பது வருடமாக அவற்றை எடை போடுகிறேன்.
கொஞ்சம் பொறாமை உண்டு.

என் எடை எண்பத்தொன்பது.
மார்ச்சில் எண்பத்தொன்பது,
உருளைக்கிழங்கை விட்டபின் எண்பத்தொன்பது,
ரொட்டியையும் விட்டு
தங்கை மகள் கல்யாணத்தில் எல்லோரும் கேக் தின்ன
வெள்ளரித்துண்டை மென்றுகொண்டிருந்த இரவுக்கு மறுநாளும்
குன்றிமணி குறையவில்லை.
செவ்வாயும் வியாழனும் நகராட்சிக் குளத்தில் நீந்துகிறேன்.
மற்ற நாட்களில் சைக்கிள்,
கால்வாய்க் கரையோடு பதினான்கு கிலோமீட்டர்.
இந்த ஊரில் போகும்போதும் எதிர்காற்று,
வரும்போதும் எதிர்காற்று.

சர்க்கரை காய்ச்சும் ஊரில்
டீயில் சர்க்கரை போடாதவள் நான் ஒருத்திதான்.
ஆனால் காற்றை என்ன செய்ய?
துவைத்து உலர்த்திய போர்வையில் பாகு மணக்கிறது.
மூச்சு விடுவதையும் கணக்கில் எழுதவா என்று கேட்டேன்.
மருத்துவர் சிரிக்கவில்லை.
"தைராய்டு சரியாகத்தான் இருக்கிறது" என்றார்,
நடுராத்திரியில் குளிர்பெட்டியைத் திறப்பவளைக்
கையும் களவுமாகப் பிடித்த குரலில்.

ஒவ்வொரு லாரியிலிருந்தும் ஒரு கூடை எடுத்து
ஆய்வுக்கூடத்தில் கழுவுவார்கள்.
கழுவுமுன் ஓர் எடை, கழுவிய பின் ஓர் எடை.
நடுவில் தொலைந்தது மண்;
மண்ணுக்குக் காசு கிடையாது.
என்னைக் கழுவினால் எவ்வளவு கழிப்பார்கள்?
இரண்டு பிரசவம்,
ஆஸ்துமாவுக்கு ஸ்டெராய்ட் தின்ற குளிர்காலம்,
அம்மாவிடமிருந்து அச்சு மாறாமல் வந்த இடுப்பு,
வைட்டெக் ஜெர்மனிக்குப் போய்
போன் செய்யாதிருந்த ஏழு மாதம் நான் தின்ற பிஸ்கட்.
இதில் எது மண், எது கிழங்கு?

நவம்பரில் ஒரு மூன்றாம் ஷிப்ட்.
வண்டி இல்லை. பனிச்சாரல்.
கீழே இறங்கி எடைமேடையின் நடுவில் நின்றேன்.
வெளிப்பலகையில் சிவப்பு எழுத்து: நூறு.

அதற்கு இருபது கிலோவுக்குக் கீழே கணக்குத் தெரியாது,
எனக்குத் தெரியும்.
ஆனாலும் மானம் போயிற்று.
கோட்டையும் பூட்ஸையும் கழற்றி ஓரமாக எறிந்தேன்.
காலுறையோடு, ஈர இரும்பின் மேல்,
பல் கிட்டிக்க நின்றேன்.
எண்பது.

எட்டு மாதம் வாயைக் கட்டியும் வராத எண்,
பத்து வருடமாகக் கனவில் மட்டும் வந்த எண்,
சாப்பாட்டு மேசையளவு எழுத்தில் எரிந்தது.
மூச்சை இழுத்துப் பிடித்தேன்,
அது கலைந்துவிடும் என்பதுபோல.

முகப்பு விளக்குகள் என் மேல் விழுந்தன.
இரெனேயுஷ். ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்தான்.
"அங்கேயே நில்லுங்கள் வியெஸ்வாவா அம்மா,
பீட்ரூட்டோடு சேர்த்து எழுதுங்கள்.
காசை நான் வாங்கிக்கொள்கிறேன்."
"மண் கழிவு போக எதுவும் தேறாது" என்றேன்.
பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

என் அறைக்கு இருபத்தாறு இரும்புப் படிகள்.
மேலே வந்தபின்தான் உறைத்தது,
கைப்பிடியைப் பிடிக்கவில்லை,
மூச்சும் வாங்கவில்லை.
இதற்கெல்லாம் சீட்டு வராது.
காலையில் வீட்டுத் தராசு என்ன சொல்லும் என்பதும் தெரியும்.

காலுறையைப் பிழிந்து ஹீட்டர் மேல் போட்டேன்.
இரெனேயுஷ் ஹாரன் அடித்தான்.
பொத்தானை அழுத்தினேன்:
நாற்பதாயிரத்து நூற்றிருபது கிலோ,
மண் கழிக்காமல்.