மூன்றும் ஐந்தும்

ரீகா, பிளாவ்னியெக்கி. ஒன்பது மாடி.
மின்தூக்கி வேலை செய்யவில்லை.
ஏழாவது மாடிக்கு ஏறி வந்தவள் முன்
இரண்டு ஜோடி வீட்டுச் செருப்பு நீண்டது,
ஆளுக்கொன்றாக.
எதைப் போடுவதென்று தெரியாமல்
காலுறையோடு உள்ளே போனேன்.

புகார் இரண்டு. முகவரி ஒன்று.
மாலை ஏழு மணிக்கு
என் வகுப்பு அறுந்துபோகிறது என்றாள் விஸ்மா.
ஏழு மணிக்கு
என் ஆட்டம் உறைந்துபோகிறது என்றான் ஐனார்ஸ்.
பிரிந்து பதினான்கு மாதம். வீடு விலைபோகவில்லை.
நடுவில் ஓர் அலமாரியை இழுத்துப் போட்டு
ஆளுக்கொரு ரௌட்டர், ஆளுக்கொரு கட்டணம்.

அவள் வலையின் பெயர் 'என் பக்கம்'.
அவனுடையது பெட்டியோடு வந்த பெயர்,
எழுத்தும் எண்ணுமாக.

மடிக்கணினியைத் திறந்து காற்றைப் பார்த்தேன்.
மேல்மாடி, கீழ்மாடி, எதிர்க் கட்டடம்,
யாருடைய அச்சுப்பொறியோ, யாருடைய பல்போ,
முப்பத்தெட்டுப் பெயர்கள்
பதின்மூன்று தடங்களில் முண்டியடித்தன.
(சேனல் என்றால்தான் வாடிக்கையாளருக்குப் புரியும்.)
பதின்மூன்று என்பதும் பேச்சுக்குத்தான்.
ஒரு வலை உட்கார நான்கு இருக்கை வேண்டும்,
ஜனவரியில் பேருந்தேறிய
தடித்த கோட்டுக்காரர் மாதிரி.

இரண்டு புள்ளி நான்கு கிகாஹெர்ட்ஸ்
தூரம் போகும், ஆனால் கூட்டம்.
ஐந்து வேகமாகப் போகும்,
கம்பி வைத்த கான்கிரீட் பாதியைத் தின்றுவிடும்.
இந்தச் சுவரைப் போட்டவர்கள்
குளிரை நினைத்தார்கள், அலையை நினைக்கவில்லை.

ஏழு மணி. அவன் பக்வீட் கஞ்சியை
மைக்ரோவேவில் வைத்தான்.
திரையில் ஒரு மேடு எழுந்தது.
பார்த்தீர்களா என்றாள்.
மூன்று நிமிடம் கஞ்சியின் குற்றம் என்றேன்.
மிச்சம் இரண்டு மணி நேரம்
உங்கள் இருவருடையது.

அவள் மூன்றாம் தடத்தில், அவன் ஐந்தில்.
ஒதுங்கியிருப்பதாக இருவருக்கும் நினைப்பு.

எண்ணூற்றிரண்டு புள்ளி பதினொன்று,
பின்னால் பி, ஜி, என், ஏசி, ஏஎக்ஸ் என்று
வால் முளைத்துக்கொண்டே வந்த தரநிலை.
அடியில் பழக்கம் மாறவில்லை:
பேசும்முன் கேள்.
இன்னொருவர் பேசினால் நிறுத்து.
அவர் முடித்ததும் பாயாதே,
மனசுக்குள் ஏதோ ஓர் எண் வரை எண்ணு.
பிறகு பேசு.
கிடைத்தது என்று பதில் வராவிட்டால் திரும்பச் சொல்.
கடவுச்சொல்லைக்கூட இந்தப் பெட்டிகள்
காற்றில் விடுவதில்லை,
தெரியும் என்பதை மட்டும்
நான்கு தபாலில் நிரூபித்துக்கொள்கின்றன.

ஆனால் கேட்க வேண்டுமானால்
ஒரே தடத்தில் இருக்க வேண்டும்.
ஐந்து பேசுவது மூன்றுக்குக் கேட்காது,
உறுத்தும்,
சுவருக்கு அப்பால் யாரோ நாற்காலி இழுப்பதுபோல.
பேச்சென்றே தெரியாததால்
எப்போது முடியும் என்றும் தெரியாது.
மேலே விழுந்து பேசி,
பேசியதையே பேசி.

அலமாரியின் இரு பக்கமும் கேட்கும்படி சொன்னேன்:
இரண்டே வழி.
இரண்டும் ஒரே தடத்துக்கு வரட்டும்,
வேகம் பாதியாகும், முறைவைத்துப் பேசும்.
இல்லையென்றால் ஒன்று முதல் தடத்துக்கு,
மற்றது பதினொன்றுக்கு, முழுசாக விலகட்டும்.
இடையில் நிற்பதுதான் கெடுதல்.

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.
சத்தியமாக நான் தரநிலையைத்தான் சொன்னேன்.

மைக்ரோவேவ் மணியடித்தது. யாரும் எடுக்கவில்லை.

பதினொன்று என்றாள் விஸ்மா.
அதே நொடியில் பதினொன்று என்றான் ஐனார்ஸ்.
இருவரும் நிறுத்தினார்கள்.
தொழில் பழக்கம், நான் எண்ணத் தொடங்கினேன்.
ஆறு வரை வந்திருப்பேன்.
நீ சொல், என்றாள்.

பதினொன்று அவளுக்கே இருக்கட்டும், என்றான்.
அவள் பக்கம்தான் சன்னல்.

சன்னலுக்கும் தடத்துக்கும் சம்பந்தமில்லை.
நான் திருத்தவில்லை.